ராயபுரம் வீட்டுக்கு சிம் ரவுட்டர்: வாங்குறதுக்கு முன்னாடி பதினோரு நாள் சிக்னல் அளந்த கத

போன ஐப்பசில எங்க தெருவுல மழைத்தண்ணி கால்வாய்க்கு பள்ளம் தோண்ட ஆரம்பிச்சாங்க. தோண்டுன மூணாவது நாளே ஃபைபர் கேபிள் அறுந்துச்சு, ஒட்டிட்டு போனாங்க, அடுத்த வாரம் வேற எடத்துல அறுந்துச்சு, அதையும் ஒட்டுனாங்க, மூணாவது தடவ அறுந்தப்ப லைன் பாக்குறவரு "அண்ணே பள்ளம் மூடுற வரைக்கும் இப்டிதான், ஒட்ட ஒட்ட புட்டுக்கும்"னு உள்ளத சொல்லிட்டு கெளம்பிட்டாரு. என் வீட்டுக்காரிக்கு மெடிக்கல் கோடிங் வேல, அதாவது ஆஸ்பத்திரி ரெக்கார்டுக்கு கோட் போடறது, வாரத்துல அஞ்சு நாளும் வீட்லருந்துதான், ஆபீஸ் சிஸ்டத்துக்கு போற தனி வழியான விபிஎன் கட்டாச்சுன்னா சிஸ்டம் லாக்அவுட் ஆயிடும், மறுபடி உள்ள போறதுக்கு கால் மணி நேரம், அன்னிக்கு முடிக்க வேண்டிய சார்ட் கொறையும், மாசக் கடைசில இன்சென்டிவ்ல அது தெரியும். அவ போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு வாரம் ஓட்டுனோம். போன் அடுப்பு மாதிரி சுட்டுச்சு, சார்ஜ்லயே கெடந்து பேட்டரி லேசா உப்ப ஆரம்பிச்சுது. உப்புன பேட்டரி வெளையாட்டு இல்ல, உடனே மாத்துனோம். அப்பதான் தனியா சிம் போடுற ரவுட்டர் ஒண்ணு வாங்கிடணும்னு முடிவு பண்ணேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க பக்கம் கரண்டும் இல்ல நெட்டும் இல்ல, சொந்தக்காரங்க உயிரோட இருக்காங்களான்னு தெரிஞ்சிக்கவே மொட்டமாடில போன தூக்கி புடிச்சிக்கினு நின்னோம். அந்த மாதிரி நேரத்துல ஒரு சிம் செத்தாலும் இன்னொரு சிம் மாத்தி போட்டுக்கற மாதிரி, கரண்டு போனாலும் ரெண்டு மூணு மணி நேரம் தாங்குற மாதிரி ஒரு செட்டப் வேணும்னு அப்பலருந்தே மனசுல இருந்துச்சு.

எங்க வீடு கல்மண்டபம் பக்கம். பழைய வீடு, கீழ மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு வாரைய வரிசையா போட்டு அது மேல சின்னச் செங்கல்ல குத்தா அடுக்கி சுண்ணாம்பு பூசுன தளம், செவுரு ஒன்னரை அடிக்கு கொறையாது. மாடில பின்னாடி கட்டுன காங்கிரீட் ரூமு ரெண்டு, மொட்டமாடில தகர ஷீட்டு. வெயில் காலத்துக்கு கீழ் வீடு சொர்க்கம், ஆனா மொபைல் சிக்னலுக்கு அந்த செவுரு எமன். நாங்க இருக்கறது மாடி, ஹாலும் மாடிப்படியும் அதே தடிச்ச பழைய செவுத்துக்குள்ளதான், வேல பாக்குற டேபிள் நடு ஹால்ல, ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டு செவுரு ஒட்டிக்கினு இருக்கும், வெளிய பாத்த ஜன்னல்னா வாசப்பக்கம் ஒண்ணு, மாடிப்படி திரும்புற எடத்துல வடக்க பாத்து சின்னதா ஒண்ணு, அவ்ளோதான்.

மொதல்ல எல்லாரும் பண்ற மாதிரி நானும் ஆன்லைன்ல ரவுட்டர் தேடித்தான் ஆரம்பிச்சேன். 150 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ்னு டப்பா மேல போட்டிருக்கும். கேட்டகிரின்னு ரவுட்டர ரகம் பிரிச்சிருப்பாங்க, கேட்டகிரி 4ன்னா எறக்கத்துக்கு (டவுன்லோடு) உச்சம் 150, ஏத்தத்துக்கு (அப்லோடு) 50. கேட்டகிரி 6ன்னா ரெண்டு பேண்ட, அதாவது ரெண்டு அலைவரிசைய, ஒண்ணா சேத்து 300 வரைக்கும். இது எல்லாம் டவர் பக்கத்துல, வேற யாருமே இல்லாம, முழு அகலமும் நமக்கே கெடச்சா வர்ற கணக்கு. ராத்திரி ஒம்போது மணிக்கு ராயபுரத்துல நாலு தெரு ஜனமும் சீரியலும் ரீல்ஸும் பாக்கறப்ப அந்த 150ல பத்து வருமா இருவது வருமாங்கறது ரவுட்டர் கைல இல்ல, அது எந்த டவர், எந்த பேண்ட், வீட்ல எந்த மூலைங்கறதுல இருக்கு. அதனால காச எடுக்கறதுக்கு முன்னாடி அளந்து பாத்துடலாம்னு தோணுச்சு. இந்த ஒரு வேலதான் என் மொத்த செலவையும் காப்பாத்துச்சு.

அளக்கறதுக்கு தனி மிஷின் ஒண்ணும் வேணாம். ஆண்ட்ராய்டு போன்ல நெட்மான்ஸ்டர் மாதிரி ஒரு ஆப் போட்டா போதும், நெறைய போன்ல டயல் பேட்ல *#*#4636#*#* அடிச்சாலே கொஞ்சம் விவரம் வரும். பாக்க வேண்டியது ரெண்டு நம்பர். ஒண்ணு ஆர்எஸ்ஆர்பி, அது சிக்னல் எவ்ளோ பலமா வருதுங்கறது, மைனஸ்ல வரும், மைனஸ் 80 பக்கம் இருந்தா அருமை, மைனஸ் 100 தாண்டுனா தடுமாறும், மைனஸ் 115க்கு கீழ போனா இருந்தும் இல்லாத மாதிரி. இன்னொண்ணு எஸ்ஐஎன்ஆர், அது சிக்னல் எவ்ளோ சுத்தமா வருதுங்கறது, பக்கத்து டவரோட எரச்சலுக்கு மேல நம்ம டவரு எவ்ளோ எழும்புதுன்னு. 20க்கு மேலன்னா பிரமாதம், 10க்கு மேல இருந்தா நிம்மதியா வேல பாக்கலாம், 0 கிட்ட வந்தா கோடு முழுசா காட்டும் ஆனா பேஜ் சுத்திக்கினே இருக்கும். போன்ல தெரியற அந்த நாலு கோடு பெரும்பாலும் பலத்த மட்டும்தான் சொல்லும், சுத்தத்த சொல்லாது. காசிமேட்டுல விடியக்காலைல மீன் ஏலம் நடக்கறப்ப போய் நின்னு பாத்தவங்களுக்கு இது டக்குனு புரியும், நம்ம ஆளு பக்கத்துல நின்னு கத்தி தான் வெல சொல்றாரு, ஆனா சுத்தி பத்து பேரு அதே சத்தத்துல கத்துறாங்க, சத்தம் இருக்கு வெல காதுல விழல. அதுதான் கம்மி எஸ்ஐஎன்ஆர்.

ஒரு பழைய நோட்ல ஹாலு, கிச்சன், வாசப்பக்க ஜன்னல், மாடிப்படி ஜன்னல், மொட்டமாடின்னு அஞ்சு எடம் எழுதிக்கினேன். கைல ரெண்டு ஆபரேட்டர் சிம் இருந்துச்சு, பேரு வேணாம், ஒண்ணாவது சிம் ரெண்டாவது சிம்னே சொல்றேன். காலைல ஆறரைக்கு ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, ராத்திரி ஒம்போதரைக்கு ஒரு தடவ, பதினோரு நாள் விடாம அளந்தேன். நைனா மொத ரெண்டு நாள் "இன்னாடா போன தூக்கிக்கினு ஆவி ஓட்டறவன் மாதிரி சுத்திக்கினு கீற"ன்னு கேட்டுக்கினு இருந்தாரு, மூணாவது நாள்ல இருந்து அவரே நோட்ட எடுத்து வெச்சிக்கினு நம்பர எழுத ஆரம்பிச்சிட்டாரு, எழுத்தும் என்னோடத விட அழகா இருந்துச்சு.

ஹால்ல ஒண்ணாவது சிம் மைனஸ் 108, எஸ்ஐஎன்ஆர் 1. அதான் அந்த ஒரு வாரம் ஹாட்ஸ்பாட் அவ்ளோ இழுத்துருக்கு. கிச்சன்ல மைனஸ் 86, கோடு முழுசா இருக்கும், ஆனா எஸ்ஐஎன்ஆர் 3. மொட்டமாடி போனா எனக்கே ஆச்சரியம், மைனஸ் 78 வருது, இதுக்கு மேல இன்னா வேணும்னு நெனச்சா எஸ்ஐஎன்ஆர் 4 தான், ராத்திரி ஸ்பீடு 6 எம்பிபிஎஸ். மாடிப்படி ஜன்னல்ல மைனஸ் 91, கோடு ஒண்ணு கொறச்சலாவே காட்டும், எஸ்ஐஎன்ஆர் மட்டும் 14, அதே ராத்திரி நேரத்துல 22 எம்பிபிஎஸ். மூணு நாள் நான் நம்பல, திரும்ப திரும்ப ஏறி எறங்கி பாத்தேன், அதேதான் வருது.

அப்பறம் யோசிச்சா காரணம் புரியுது. மொட்டமாடில நின்னா இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி பக்கத்து டவர், அந்தப் பக்கம் தண்டையார்பேட்ட, இந்தப் பக்கம் வண்ணாரப்பேட்ட, எல்லாமே கண்ணுக்கு நேரா தெரியுது, எல்லாமே ஒரே பேண்ட்ல ஒரே நேரத்துல கத்துது. மாடிப்படி ஜன்னல்ல மூணு பக்கமும் தடிச்ச செவுரு, வடக்கு பக்கம் ஒரே ஒரு டவர்தான் உள்ள வருது, மத்தத செவுரே அமுக்கிடுது. நாங்க எமன்னு திட்டுன அந்த சுண்ணாம்பு செவுரு இங்க காவல் காக்குது. ஒசரத்துல வெச்சா நல்லா வரும்னு கண்ண மூடிக்கினு மாடில கம்பம் நட்றாதீங்க, ஊர்ப்பக்கம் டவர் தூரமா இருக்கற எடத்துக்கு அது சரி, நம்ம மாதிரி டவர் நெருக்கமா இருக்கற எடத்துல அது பல தடவ கெடுதல்தான் பண்ணும்.

எந்த டவர்ல ஒட்டிக்கினு இருக்கோம்னு கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கு. ஆப்ல செல் ஐடின்னு ஒரு பெரிய நம்பர் வரும், 4ஜில அத 256ஆல வகுத்தா கெடைக்கற முழு எண்தான் டவரோட நம்பர், மீதி வர்றது அந்த டவர்ல எந்தப் பக்கத்து ஆன்டெனாங்கறது. இப்டி வகுத்து எழுதிக்கினே வந்ததுலதான், வாசப்பக்க ஜன்னல்ல பகல்ல ஒரு டவர், ராத்திரி ஆனா வேற டவர்னு மாறிக்கினே இருந்தது தெரிஞ்சுது. அப்டி மாறும்போதெல்லாம் விபிஎன் அறுந்துரும். மாடிப்படில பதினோரு நாளும் ஒரே டவர் நம்பர். அவளோட வேலைக்கு ஸ்பீட விட இந்த நெலையா நிக்கறதுதான் முக்கியம், அதனால எடம் முடிவாயிடுச்சு.

அடுத்தது பேண்ட். இத தெரிஞ்சிக்காம வாங்குனா காசு தண்ணில போன மாதிரி. நம்ம ஊர்ல 4ஜிக்கு ஜியோ 3, 5, 40 பேண்ட் வெச்சிருக்காங்க, ஏர்டெல் 1, 3, 8, 40, விஐ (வோடஃபோன் ஐடியா) 1, 3, 8, 41, பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ்ல 28ம் 2100ல 1ம். வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறும். 5ம் பேண்ட் 850 மெகாஹெர்ட்ஸ், 8ம் பேண்ட் 900, இதெல்லாம் செவுர தாண்டி உள்ள வரும், ஆனா அகலம் கம்மி, சந்துல வண்டி ஓட்டற மாதிரி, கொஞ்சம் கூட்டம் வந்தாலே நெரிசல். 40ம் பேண்ட் 2300 மெகாஹெர்ட்ஸ், அகலமான ரோடு, ஆனா செவுர கண்டா தலைகீழா வுழும். எங்க ஹால்ல போன் எப்பவும் 5லயே ஒட்டிக்கினு கெடந்துச்சு, ஜன்னலுக்கு வந்தா 40க்கு மாறுச்சு. அதுனால வாங்கற ரவுட்டர்ல 40 கண்டிப்பா இருக்கணும், 3ம் 5ம் இருக்கணும், ரெண்டாவது சிம்முக்காக 1ம் 8ம் இருந்தா நல்லதுன்னு ஒரு துண்டு சீட்டுல எழுதி பர்ஸ்ல வெச்சிக்கினேன்.

5ஜி யோசிக்கலயான்னு மச்சான் கேட்டான். நம்ம நாட்டுல 5ஜி வந்தது 2022 அக்டோபர்ல, 2023 செப்டம்பர்ல, ஒயர் இல்லாம 5ஜி வழியா வீட்டுக்கு நெட் குடுக்கற ஜியோ ஏர்ஃபைபர் ஆரம்பிச்ச மொத எட்டு ஊர்ல சென்னையும் ஒண்ணு, அதெல்லாம் தெரியும். ஃபைபரே எடுக்க முடியாத வீட்டுக்கு, மெயின் கனெக்‌ஷனா வெச்சிக்கறதுக்கு அது நல்ல வழி. எனக்கு வேண்டியது மாத்து ஏற்பாடு, ஃபைபருக்கு மாசா மாசம் கட்டறது போக இதுக்கும் தனியா ஒரு மாச வாடகை கட்டணும், டப்பாவும் ஒரே ஆபரேட்டரோடது, ஒரே விலாசத்துக்கு. சும்மா 5ஜி ரவுட்டர் தனியா வாங்கலாம்னா வெல எட்டல, அதோட அதுல வர்ற 3300 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் எங்க வீட்டு செவுத்துக்கு 2300ஐ விட மோசமா அடங்கும். விட்டுட்டேன்.

சிம் போடற யூஎஸ்பி டாங்கிள் வீட்ல பழசு ஒண்ணு இருந்துச்சு. லேப்டாப்ல நேரா சொருகணும், அப்டின்னா லேப்டாப்ப மாடிப்படில வெச்சி வேல பாக்கணும், முடியாது. நீட்டு யூஎஸ்பி ஒயர் போட்டா அஞ்சு மீட்டருக்கு மேல தாங்காது. கையடக்க ஹாட்ஸ்பாட் வெளியூருக்கு நல்லது, அதப் பத்தி கீழ சொல்றேன், வீட்ல மாசக்கணக்குல சார்ஜ்லயே போட்டு வெக்கறதுக்கு அது இல்ல, உள்ள பேட்டரி இருக்கு, போனுக்கு ஆன கதிதான் அதுக்கும் ஆவும். நெட் கேபிள் சொருகற லேன் போர்ட்டும் அதுல இருக்காது. ஆக டேபிள் மேல வெச்சி ப்ளக்ல சொருகற ரவுட்டர், பின்னாடி லேன் போர்ட், கழட்டி மாட்டற ஆன்டெனா, எந்த சிம்மும் எடுக்கற மாதிரி. டிபி-லிங்க்ல எம்ஆர்6400 மாதிரி கேட்டகிரி 4 ரகம் இருக்கு, வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் வரும். மேல ஆர்ச்சர் எம்ஆர்600 கேட்டகிரி 6, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் உண்டு, வெல நல்லாவே ஏறும். எங்க டவர்ல கெடைக்கறதே இருவது சொச்சம், அதுக்கு கேட்டகிரி 4 தாராளம், மீதி காச யூபிஎஸ்ல போடலாம்னு கணக்கு போட்டேன்.

சனிக்கெழம வண்ணாரப்பேட்ட மெட்ரோல ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்ல எறங்கி ரிச்சி தெரு போனேன். மொத கடைல வெளிநாட்டுலருந்து வந்த செகண்ட்ஸ் ஒண்ணு காமிச்சாரு, பாக்க புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு, ஆயிரத்து எண்ணூறு. அடில ஸ்டிக்கர் பாத்தா 7, 20ன்னு அவங்க ஊரு பேண்ட் எல்லாம் இருக்கு, 40 இல்ல. "அண்ணே இதுல பேண்ட் 40 இல்லியே"ன்னேன். "அதெல்லாம் ஒண்ணியும் இல்ல தம்பி, 4ஜின்னா 4ஜிதான், சிம்ம போடு ஓடும்"னாரு. ஓடும்தான், 3ம் பேண்ட புடிச்சிக்கினு ஓடும், எங்க ஜன்னல்ல எனக்கு வேண்டிய அகலமான ரோட்ட அதால பாக்கவே முடியாது. நன்றி சொல்லிட்டு நகந்தேன். ரெண்டாவது கடைல ஒரு ஆபரேட்டர் பேர் போட்ட டப்பா, அவங்க சிம் மட்டும்தான் எடுக்கும், அன்லாக் பண்ணி தரேன்னாரு, அந்த வேலையே வேணாம்னு வந்துட்டேன். மூணாவது கடைக்கார அக்கா சீட்ட வாங்கி படிச்சிட்டு, உள்ளருந்து ஒண்ண எடுத்து வந்து, ஸ்டிக்கர்ல ஒவ்வொரு நம்பரா விரல் வெச்சி காமிச்சாங்க, 1, 3, 5, 8, 40, 41 எல்லாம் இருக்கு. என் சிம்ம அங்கயே போட்டு, செட்டிங் பேஜ தெறந்து, கனெக்ட் ஆவறத பாத்துட்டுதான் காசு கொடுத்தேன், மூவாயிரத்து நானூறு, ஒரு வருஷ வாரண்டி பில்லோட. எந்த கடைல வாங்குனாலும் சிம்ம கையோட எடுத்துக்கினு போங்க, போட்டு பாக்க விடாத கடைல வாங்காதீங்க.

வீட்டுக்கு வந்து மொத தப்பு சிம்லயே நடந்துச்சு. ரவுட்டர் கேக்கறது மைக்ரோ சைஸ், என்கிட்ட இருந்தது நானோ. பத்து ரூபா பிளாஸ்டிக் அடாப்டர்ல வெச்சி உள்ள தள்ளிட்டேன், வெளிய எடுக்கறப்ப அடாப்டரோட ஓரம் உள்ள இருக்கற பின்ல மாட்டிக்கினு நின்னுடுச்சு. இழுத்திருந்தா பின்னு வளைஞ்சி ரவுட்டரே போயிருக்கும். நைனாதான் எக்ஸ்ரே ஃபிலிம்ல இருந்து ஒரு மெல்லிசான துண்டு வெட்டி குடுத்தாரு, அத அடாப்டருக்கும் பின்னுக்கும் நடுவுல மெதுவா சொருகி, ஃபிலிமோட சேத்து வெளிய எடுத்தேன். அடாப்டர் போட்டே ஆவணும்னா அடில ஒரு செலோடேப் ஒட்டி நானோவும் அடாப்டரும் ஒரே தகடு மாதிரி இருக்கற மாதிரி பண்ணிட்டு போடுங்க, தங்கக் கலர் பக்கம் டேப் வரக்கூடாது. நான் அப்பறம் கடைக்கு போய் மைக்ரோ சைஸ்லயே சிம் மாத்தி வாங்கிட்டேன்.

ஏபிஎன், அதாவது சிம் எந்த வாசல் வழியா நெட்டுக்கு போவணும்ங்கற பேரு, சில சிம்முக்கு தானா வராது, கைல போடணும், ஜியோன்னா ஜியோநெட், பிஎஸ்என்எல்னா பிஎஸ்என்எல்நெட். யூசர்நேம் பாஸ்வேர்டு காலியா விட்டாலே போதும். மறக்காம அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க, டப்பா அடில அச்சடிச்சிருக்கறத கடைக்காரரும் பாத்திருப்பாரு.

இப்ப ரவுட்டர் மாடிப்படி ஜன்னல்ல, டேபிள் ஹால்ல, நடுவுல ஒன்னரை அடி செவுரு. வைஃபை தாண்டாது. இதுக்குதான் லேன் போர்ட் கேட்டேன். பதினஞ்சு மீட்டர் கேட்6 கேபிள் வாங்கி, செவுத்து ஓரமா கிளிப் அடிச்சி ஹாலுக்கு இழுத்தேன், ஹால்ல ஏற்கெனவே சும்மா கெடந்த பழைய வைஃபை ரவுட்டர அதுல மாட்டி வெறும் வைஃபை குடுக்கற டப்பாவா மாத்துனேன். இதுல கவனிக்க வேண்டியது மூணு. பழைய ரவுட்டர்ல ஐபி 192.168.1.1ன்னு ரெண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும், அத 192.168.1.2ன்னு மாத்திடணும். அதுல ஒவ்வொரு போனுக்கும் ஐபி நம்பர் குடுக்கற டிஹெச்சிபிய ஆஃப் பண்ணிடணும், இல்லன்னா ரெண்டு பேரும் ஐபி பங்கு போட ஆரம்பிச்சி ஒரு போன் வேல செய்யும் ஒண்ணு செய்யாது. கேபிள அந்த பழைய ரவுட்டர்ல WANன்னு போட்ட போர்ட்ல மாட்டாம LANன்னு போட்ட போர்ட்ல மாட்டணும். இத பண்ண பத்து நிமிஷம், ஆனா மூணாவது விஷயத்த நான் மறந்துட்டு ஒரு மணி நேரம் தேடுனேன்.

2.4 வைஃபைல எங்க தெருவுல முப்பது பேரு ஒரே சேனல்ல உக்காந்துருந்தாங்க. அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். அகலத்த 20 மெகாஹெர்ட்ஸ்னு வெச்சிட்டு, கூட்டம் கம்மியா இருந்த 11ல போட்டேன், விட்டு விட்டு வந்த பிரச்சன நின்னுச்சு. இன்னொண்ணு, மொத நாள் பழைய ரவுட்டர பீரோ மேல வெச்சிருந்தேன், எறக்கி மர ஸ்டூல்ல வெச்சதும் கிச்சன் வரைக்கும் வந்துச்சு. இரும்பு பீரோ பக்கத்துல எந்த ரவுட்டரையும் வெக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சும் விபிஎன் மட்டும் அடம் புடிச்சுது. கனெக்ட் ஆவும், ஆனா சில ஸ்க்ரீன் பாதில நின்னுடும். யூடியூப் எல்லாம் நல்லா ஓடுது. ரெண்டு ராத்திரி போச்சு இதுல. கடைசில ரவுட்டர்ல எம்டியூங்கற, ஒரு பாக்கெட் எவ்ளோ பெருசா போலாம்ங்கற மதிப்ப 1500ல இருந்து 1400க்கு கொறச்சேன், உடனே சரியாச்சு. மொபைல் நெட்வொர்க்ல ஏற்கெனவே ஒரு உறை, விபிஎன் அது மேல இன்னொரு உறை போடுது, பெரிய பாக்கெட்டா அனுப்புனா நடுவுல எங்கியோ நொழைய முடியாம காணாம போவுது. வீட்லருந்து வேல பாக்குற யாருக்காச்சும் இதே மாதிரி பாதில நின்னா மொதல்ல இத பாருங்க, சிம்ம திட்டாதீங்க.

ஆன்டெனா விஷயத்துல நான் முந்நூத்தம்பது ரூபா எழந்தேன். இன்னும் கொஞ்சம் ஏத்தலாமேன்னு நீட்டு ஆன்டெனா ஒரு ஜோடி வாங்குனேன், மாட்டுனேன், சிக்னல் பத்து டிபி எறங்கிடுச்சு. கழட்டி பாத்தா நடுவுல ஊசியே இல்ல. வைஃபை ஆன்டெனால வர்றது ஆர்பி-எஸ்எம்ஏ, 4ஜி ஆன்டெனாவுக்கு வேண்டியது சாதா எஸ்எம்ஏ, ரெண்டோட மரையும் ஒண்ணேதான், அழகா திருகிக்கும், உள்ள ஊசி தொடாது. வாங்கறப்ப ஆன்டெனா பக்கம் நடுவுல ஊசி இருக்கான்னு பாத்து வாங்குங்க. அப்பறம் சரியான ஆன்டெனா ஒரு ஜோடி, மூணு மீட்டர் கேபிளோட வாங்கி ஜன்னல் கம்பிக்கு வெளிய கட்டுனேன், ஒண்ண இந்தப் பக்கம் 45 டிகிரி சாய்ச்சி, இன்னொண்ண அந்தப் பக்கம் 45 டிகிரி சாய்ச்சி, டவர்லயும் அப்டிதான் குறுக்கும் மறுக்குமா இருக்கும். எஸ்ஐஎன்ஆர் 14ல இருந்து 17 ஆச்சு. கேபிள் நீளமா போட்டா ஆன்டெனா குடுக்கறத கேபிளே தின்னுடும், அதனால ரவுட்டர நவுத்துங்க, கேபிள நீட்டாதீங்க. கடைல சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர்னு தனி டப்பா விப்பாங்க, அத லைசென்ஸ் இல்லாம வெக்கறது சட்டப்படி தப்பு, பக்கத்துல இருக்கறவங்க எல்லார் போனையும் அது கெடுக்கும். தொடாதீங்க.

கரண்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ். உள்ள மூணு லித்தியம் செல், ஒவ்வொண்ணும் 2000 எம்ஏஹெச், 3.7 வோல்ட், பெருக்குனா 22 வாட்-அவர் கிட்ட. ரவுட்டர் சராசரியா 6 வாட் இழுக்குது. நடுவுல வீணாவறத கழிச்சா மூணு மணி நேரம் வரணும், நான் கடிகாரம் வெச்சி பாத்ததுல மூணு மணி அஞ்சு நிமிஷம் நின்னுச்சு. யூபிஎஸ் படிக்கட்டு ரவுட்டருக்கு மட்டும்தான், கரண்டு போனா ஹால் டப்பா செத்துரும், அப்ப அவ லேப்டாப்ப எடுத்துக்கினு படிக்கட்டு பக்கத்து ரூமுக்கு போய் நேரா அந்த வைஃபைல ஒட்டிக்குவா.

டேட்டா கணக்கு ஒரு வாரம் பாத்தேன். அவ வேலைக்கு ஒரு ஷிஃப்ட்டுக்கு 1 ஜிபி கிட்டதான் ஆவுது. ஆனா மொத நாளே அன்னிக்கு உண்டான 2 ஜிபி மத்தியானத்துக்குள்ள தீந்து 64 கேபிபிஎஸ்க்கு எறங்கிடுச்சு, பாத்தா என் லேப்டாப் விண்டோஸ் அப்டேட் எறக்கிக்கினு இருந்துருக்கு. விண்டோஸ்ல இந்த வைஃபைய மீட்டர்டு கனெக்‌ஷன்னு வெச்சேன், போன் பேக்கப் நிறுத்துனேன், டிவிக்கு பாஸ்வேர்டே குடுக்கல. கீழ் வீட்டு அக்கா அவங்க கட சிசிடிவிய இதுல மாட்ட முடியுமான்னு கேட்டாங்க. மாட்டலாம், ஆனா மொபைல் சிம்ல நமக்குன்னு தனி பப்ளிக் ஐபி வராது, ரவுட்டர்ல பாத்தா 10லயோ 100.64 மாதிரியோ ஆரம்பிக்கும், ஆயிரக்கணக்கான பேரு ஒரே வெளி ஐபிய பகுந்துக்கறாங்க, அதனால போர்ட் தெறந்து விட்டு வெளியருந்து பாக்கற பழைய முற ஓடாது. கேமரா கம்பெனியோட ஆப் வழியா பாக்கற ரகமா இருந்தா ஓடும். அவங்களுது அந்த ரகம்தான், ஒரு மாசம் எங்க நெட்லதான் ஓடுச்சு.

வெளியூருக்கு அந்த கையடக்க ஹாட்ஸ்பாட். மச்சானோடது, போன பொங்கலுக்கு பழவேற்காட்டுல மாமா வீட்டுக்கு எடுத்துக்கினு போனோம். கும்மிடிப்பூண்டி ரயில்ல பையிலயே போட்டு வெச்சிருந்தேன், ஓடற ரயில்ல அது போன் ஹாட்ஸ்பாட்ட விட பெருசா ஒண்ணும் ஒசத்தியா தெரியல, டவர் மாற மாற ரெண்டும் ஒரே மாதிரிதான் திணறுச்சு. மாமா வீட்ல கத வேற. உள்ள ஒரு கோடுகூட வரல, ஹாட்ஸ்பாட்ட ஒரு மஞ்சப்பைல போட்டு, கூர சரிவுல வெளிய தொங்க விட்டேன், அங்க 850 பேண்ட் மட்டும் வந்துச்சு, 4 எம்பிபிஎஸ், வீட்ல இருந்த ஏழு பேரும் அதுல ஓட்டுனோம். அந்தப் பக்கம் டவர் தூரம், அங்க ஒசரந்தான் ஜெயிக்குது. போன அப்டி வெளிய தொங்க விட முடியாது பாருங்க, அதுக்காகவே அந்த சின்ன டப்பா ஒண்ணு பையில இருக்கலாம். ஊருக்கு போய் வந்ததும் பேட்டரிய கழட்டி பாதி சார்ஜ்ல தனியா எடுத்து வெச்சிடுங்க.

போன வாரம் மழைல ஃபைபர் மறுபடி அறுந்துச்சு, நாலு நாளாச்சு இன்னும் ஒட்டல. அவ இதுலதான் வேல பாக்குறா, நாலு நாள்ல விபிஎன் ஒரே ஒரு தடவ விழுந்துச்சு, அது ராத்திரி ரெண்டு மணிக்கு, டவர்ல ஏதோ வேல போல, அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு. ஜன்னலுக்கு வெளிய இருக்கற ஆன்டெனா ஜாயிண்ட்ல மட்டும் பச்சை பூத்துருக்கு, கடக்காத்து ஆறு மாசத்துல பித்தளைய அரிச்சிடுச்சு. நாளைக்கு கழட்டி ஸ்பிரிட்ல தொடச்சி, தானா ஒட்டிக்கற ரப்பர் டேப் வாங்கி கீழருந்து மேலா இழுத்து சுத்தணும், நைனா ஏணிய எடுத்து வெளிய வெச்சிட்டாரு.